பழைய போனவில்லுக்குப் புதிய கிக்கர்: காட்டர் உட்கார வேண்டிய விதம்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 1968ஆம் ஆண்டின் டிரையம்ப் போனவில் டி120 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதன் கிக்கர், அதாவது எஞ்சினைக் காலால் உதைத்துத் தொடங்கும் லீவர், ஷாஃப்டின் மேல் ஆடுகிறது. அதை ஷாஃப்டோடு பிணைக்கும் ஆப்பான காட்டர் பின்னின் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சில உதைகளிலேயே மறுபடி தளர்ந்துவிடுகிறது. அதனால் அசலைவிடச் சற்று நீளமான, பெடல் மடங்கக்கூடிய கிக்கர் ஒன்றை வெளிச்சந்தையில் வாங்கிவிட்டீர்கள். அதை எப்படிப் பொருத்துவது, காட்டரை எந்தப் பக்கத்திலிருந்து செருகுவது, நீளம் கூடுவதால் நன்மை உண்டா, ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டால் தொல்லை தீராதா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவசரத்தில் செய்தால் திரும்பப் பெற முடியாத வேலை அது ஒன்றுதான். பற்றவைக்க வேண்டாம். 650 சி.சி. டிரையம்ப்பில் கிக்கர் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் வெளி மூடிக்கு உள்ளிருந்து வெளியே நீண்டு வருகிறது. அதன் உள்முனையில் குவாட்ரன்ட், அதாவது விசிறி வடிவில் பல் வைத்த துண்டு, இருக்கிறது. மூடியிலிருந்து ஷாஃப்டைப் பிரிக்க வேண்டுமானால் அதை உள்பக்கமாகத்தான் உருவ முடியும், அதற்குக் கிக்கர் கழன்று வர வேண்டும். பற்றவைத்த பிறகு திரும்பு ஸ்ப்ரிங் உடைந்தாலும், ஷாஃப்ட் சுழலும் உலோக உறையான புஷ் தேய்ந்தாலும் கிக்கரை வெட்டி எறிவதைத் தவிர வழி இராது. பற்றவைக்கும் சூடு ஷாஃப்டின் பதத்தைக் கெடுக்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கருக்கிவிடும். பற்றவைத்த கிக்கரோடு விற்பனைக்கு வரும் வண்டிகளில் உள்ளே குவாட்ரன்ட்டும் பழுதாகியிருப்பதை அடிக்கடி காணலாம். ஆட்டத்தின் காரணத்தைத் தேடாமல் ஆட்டத்தை மட்டும் நிறுத்தியதன் விளைவு அது.

காரணம் பெரும்பாலும் கிக்கரில் இல்லை, காட்டருக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே நல்ல கிக்கரை வாங்கி, உடன் வந்த காட்டரை அப்படியே செருகி, நட்டை இறுக்கிவிட்டால் சில வாரங்களில் இப்போதிருக்கும் இடத்துக்கே வந்து நிற்பீர்கள். புதிய கிக்கர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை முடிவு செய்வது காட்டரின் தட்டை முகம் ஷாஃப்டின் தட்டை முகத்தோடு எவ்வளவு பரப்பில் ஒட்டுகிறது என்பதே. இந்தப் பதிலில் பாதி அதைப் பற்றியதாக இருப்பது அதனால்தான்.

நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் பெடல் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைப் பார்த்திருப்பீர்கள். போனவில்லில் இருப்பதும் அதே ஏற்பாடு. ஷாஃப்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். ஷாஃப்ட் நுழையும் கிக்கரின் கண்ணில் குறுக்காக ஒரு துளை இருக்கும். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய காட்டர் அந்தத் துளை வழியாகச் சென்று, தன் சரிந்த முகத்தை ஷாஃப்டின் தட்டை முகத்தில் ஆப்பு போல இறுக்கி நிற்கும். மறுமுனையில் மரையும் நட்டும் உண்டு. ஆனால் சைக்கிள் காட்டரை எடுத்து இதில் போட்டுவிட வேண்டாம். தோற்றம் ஒன்றுதான் என்றாலும் விட்டமும் சரிவுக் கோணமும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது, உலோகமும் மிருதுவாக இருக்கலாம்.

இந்தச் சிறு ஆப்பு தாங்கும் சுமையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 70 கிலோ எடையுள்ள ஒருவர், ஷாஃப்ட் மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளியிருக்கும் பெடலின் மேல் முழு எடையையும் போட்டு நின்றால், ஷாஃப்டில் விழும் முறுக்கு ஏறத்தாழ 137 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கு முழுவதும் மையத்திலிருந்து 8 மி.மீ. தொலைவில் காட்டர் முகத்தின் வழியாகக் கடப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் விழும் விசை 17,000 நியூட்டன். அதாவது சுமார் 1,700 கிலோ எடை. முகம் முழுவதும் ஒட்டியிருந்தால் எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு விளிம்பில் மட்டும் கோடு போல ஒட்டியிருந்தால் அந்தக் கோடு ஒவ்வோர் உதைக்கும் கொஞ்சம் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு இடைவெளி பிறக்கும், அடுத்த உதை அந்த இடைவெளியை வேகத்தோடு கடந்து சம்மட்டி அடியாக விழும். உங்கள் நட் தளர்வது போலத் தோன்றுவதும் உண்மையில் காட்டர் நசுங்குவதால்தான்.

இனி வேலைக்கு வரலாம். எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கிக்கர் ஓய்வில் நிற்கும் கோணம், காட்டரின் நட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது, இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், அதன் வெளிமுகம் காட்டரின் மரை முனையோடு சமமாக நிற்கும் வரை மட்டும் தளர்த்துங்கள். அடி விழும்போது மரை முனை விரிந்து போகாமல் நட் காக்கும்.

வெறுமனே சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிக்கர் ஓய்வு நிலையில் நிற்கும்போது காட்டர் ஏறத்தாழ முன்பின்னாகப் படுத்திருக்கும். முட்டுக் கொடுக்காமல் அதை அடித்தால் அடி முழுவதும் ஷாஃப்ட் வழியாக அலுமினிய மூடியில் உள்ள புஷ்ஷுக்கும் உள்ளே குவாட்ரன்ட்டுக்கும் போய்ச் சேரும். சிறந்த முறை ஜி-கிளாம்ப். காட்டரின் தலை வெளியேற இடமிருக்கும் அளவுக்கு ஒரு சாக்கெட்டைக் கிக்கர் கண்ணின் ஒரு பக்கம் வைத்து, கிளாம்ப்பின் திருகை மறுபக்கம் நட்டின் மேல் அழுத்தி, நன்றாக இறுக்கிய பிறகு கிளாம்ப்பின் தலையில் ஒரு சிறு தட்டுத் தட்டினால் பெரும்பாலான காட்டர்கள் சத்தத்தோடு விடுபடும். முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைத்தால் இன்னும் எளிது. கிளாம்ப் இல்லையென்றால் கனமான சுத்தியல் ஒன்றை இன்னொருவர் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்திருக்க, நீங்கள் இந்தப் பக்கம் ஒரே அடியாக அடிக்கலாம். பத்துச் சிறு அடிகளைவிட முட்டுக் கொடுத்த ஓர் அடி நல்லது. நட்டும் மரையும் வளைந்துவிட்ட காட்டரை வெட்டிவிட்டுத் துளைபோட்டு எடுப்பதுதான் வழி. அந்த வேளையில் ஷாஃப்டைத் துளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிக்கர் கழன்றதும் ஷாஃப்டைத் துடைத்துவிட்டுத் தட்டை முகத்தின் குறுக்கே ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். முகம் சமமாக இருந்தால் வெளிச்சம் கசியாது. நடுவில் படி விழுந்தோ ஓரம் உருண்டோ இருந்தால் உங்கள் பழைய காட்டர்கள் அங்கேதான் நசுங்கின. மிகச் சிறிய படியாக இருந்தால் மேட்டை மட்டும் நுண் அரத்தால் தடவிச் சமப்படுத்தலாம். ஆழமான பள்ளம் என்றால் ஷாஃப்டை மாற்றிவிடுங்கள். அதற்கு வெளி மூடியைக் கழற்ற வேண்டும், கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்க வேண்டும், திரும்ப மூடும்போது இ.பி. 90 என்ற கியர் எண்ணெய் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். தேய்ந்த ஷாஃப்டில் புதிய கிக்கரைப் பொருத்துவது காசுக்கும் உழைப்புக்கும் கேடு. ஷாஃப்டை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதும் இப்போதே செய்ய வேண்டியது. மூடியின் புஷ் தேய்ந்திருந்தால் அதனால் வரும் ஆட்டமும் பெடலில் தெரியும், காட்டரை எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் அது போகாது.

அடுத்து நீங்கள் வாங்கிய கிக்கர். குரோம் பூச்சின் பளபளப்பை விட்டுவிட்டு அதன் கண்ணைப் பாருங்கள். காட்டர் இல்லாமல் ஷாஃப்டின் மேல் கையால் தள்ளும்போது அது தடையில்லாமல் ஏற வேண்டும், ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. கண்ணின் அகலம் 25 மி.மீ., துளைக்கும் ஷாஃப்டுக்கும் இடைவெளி 0.1 மி.மீ. என்று கொண்டால், 200 மி.மீ. தள்ளியிருக்கும் பெடல் முனை 0.8 மி.மீ. ஆடும். அவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம். இடைவெளி 0.3 மி.மீ. என்றால் பெடல் இரண்டரை மி.மீ. ஆடும், அந்தக் கிக்கரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஏனெனில் காட்டர் ஒரு பக்கமாக மட்டுமே அழுத்தும், பெரிய துளையை அது நிரப்பாது. மாறாக, ஏறவே மறுத்தால் பெரும்பாலும் துளைக்குள் கசிந்த குரோம் பூச்சுதான் தடை. அதை நுண் மணல் தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து எடுங்கள். ஷாஃப்டின் மேல் அடித்து ஏற்றினால் உரிந்த குரோம் உள்ளே கத்தியாக மாறிக் கீறும். காட்டர் துளையின் இரண்டு வாய்களிலும் பூச்சு மேடாகத் திரண்டிருக்கும், அதையும் வழித்துவிடுங்கள். மடங்கும் பெடலின் மூட்டில் குண்டும் ஸ்ப்ரிங்கும் உறுதியாகப் பிடிக்கின்றனவா, விரித்த நிலையில் பெடல் தானாகத் தொங்குகிறதா என்று கையால் சோதியுங்கள். உதையின் நடுவில் மடங்கும் பெடல் முழங்காலுக்கு ஆபத்து.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை, சுருக்கமாக. டிரையம்ப் 1960களின் இறுதியில்தான் சி.இ.ஐ., பி.எஸ்.எஃப். போன்ற பழைய பிரிட்டிஷ் தர மரைகளிலிருந்து யு.என்.எஃப். என்ற பொதுத்தர மரைகளுக்குப் படிப்படியாக மாறியது. உங்களுடைய 1968ஆம் ஆண்டு வண்டி அந்த மாற்றத்தின் விளிம்பில் நிற்கிறது. 5/16 அங்குல விட்டத்தில் சி.இ.ஐ. மரைக்கு அங்குலத்துக்கு 26 சுற்று, யு.என்.எஃப். மரைக்கு 24 சுற்று, பி.எஸ்.எஃப். மரைக்கு 22 சுற்று. கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், இரண்டு சுற்று வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் செய்யும். ஆகவே பழைய நட்டைப் புதிய காட்டரில் போடாதீர்கள். காட்டரோடு வந்த நட்டையே பயன்படுத்துங்கள், அது விரலால் கடைசி வரை சுழன்று ஏறுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான வேலை. காட்டரின் சரிந்த முகத்தில் நீல மையைத் தடவுங்கள். இயந்திரப் பட்டறைகளில் பயன்படும் பிரஷ்யன் நீலம் சிறந்தது, இல்லாவிட்டால் தடித்த மார்க்கர் பேனாவே போதும். கிக்கரை ஷாஃப்டில் ஏற்றி, தட்டை முகம் காட்டர் துளைக்கு நேராக வரும்படி திருப்பி, காட்டரைச் செருகி, பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து லேசாக ஒருமுறை தட்டுங்கள். மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுத்து முகத்தைப் பாருங்கள். மை எங்கே அழிந்து உலோகம் மின்னுகிறதோ அங்கேதான் காட்டர் ஷாஃப்டைத் தொடுகிறது. புதிதாக வாங்கிய காட்டரில் முதல் முறை பெரும்பாலும் ஒரு முனையில் நகக்கண் அகலத்துக்கு ஒரு மின்னல் கீற்றுதான் இருக்கும்; மற்ற இடமெல்லாம் மை அப்படியே நிற்கும். அந்தக் கீற்றின் மேல்தான் மேலே சொன்ன 1,700 கிலோவும் விழப்போகிறது.

காட்டரை வைஸில் மிருதுவான உலோகத் தாடைகளுக்கு இடையே முகம் மேலே இருக்கும்படி பிடித்து, நுண் அரத்தை இரண்டு கைகளாலும் குறுக்காகப் பிடித்து முகத்தின் நீளவாட்டில் இழுங்கள். முன்னும் பின்னும் தள்ளி அராவினால் நடு மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் போய்விடும். குறுக்குப் பிடியில் இழுத்தால் முகம் தட்டையாகவே இருக்கும். மின்னிய இடத்தில் மட்டும் நான்கைந்து இழுப்பு, மறுபடி மை, மறுபடி தட்டிப் பார்த்தல். ஒவ்வொரு சுற்றிலும் மின்னும் பரப்பு விரிந்துகொண்டே வரும். ஷாஃப்டைத் தொடும் நீளத்தில் முக்கால் பங்குக்கு மேல் பரவலாக மின்னும் வரை விட வேண்டாம். பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை, இந்தப் பணி முழுவதிலும் பலன் அதிகம் தருவதும் இதுதான். முகத்தை ஒட்ட வைக்க அராவ வேண்டியது காட்டரை மட்டுமே, ஷாஃப்டை இல்லை. காட்டரின் விலை குறைவு, ஷாஃப்டுக்குக் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

ஆழத்தையும் கவனியுங்கள். முழுதாக உட்கார்ந்த பிறகு மறுபக்கத்தில் வாஷரும் நட்டும் முழுமையாகப் பிடிக்கும் அளவுக்கு மரை வெளியே வர வேண்டும். அதே சமயம் மரையில்லாத பகுதி கண்ணின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடக் கூடாது. தாண்டிவிட்டால் நட், காட்டரின் தோளில் போய் முட்டி நிற்கும், இறுகியது போலத் தோன்றும், ஆனால் காட்டரை அது பிடித்திருக்காது. அப்படிப்பட்ட காட்டர் மெலிந்துவிட்டது என்று பொருள்; வாஷரை அடுக்கிச் சமாளிக்காமல் புதியதை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

அராவும்போது சரிவுக் கோணத்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுவே காட்டர் எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கும் பதில். ஷாஃப்டின் தட்டை முகத்தோடு ஒட்டி நிற்பது காட்டரின் சரிந்த முகம். காட்டரின் அச்சோ கிக்கரின் துளையில் இருக்கிறது. ஆகவே சரிவு எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி கிக்கர் ஷாஃப்டைச் சுற்றித் திரும்பி நிற்கும். சரிவு ஒரு டிகிரி மாறினால் 200 மி.மீ. தொலைவில் பெடல் மூன்றரை மி.மீ. இடம் மாறும். காட்டரை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகினால் கிக்கர் அந்தச் சரிவைப் போல இரு மடங்கு கோணம் விலகி நிற்கும். 5 டிகிரி சரிவு என்றால் 10 டிகிரி, பெடலில் 35 மி.மீ. உள்ளே குவாட்ரன்ட் நிற்கும் இடம் மாறாததால், அந்த 35 மி.மீ. உதையின் தொடக்கத்திலோ முடிவிலோ உங்களுக்குக் குறையும். எனவே பழைய காட்டர் எப்படி இருந்ததோ அப்படியே புதியதும் போகட்டும். முந்தைய உரிமையாளர் தவறாகப் போட்டிருக்கக் கூடும் என்று ஐயமிருந்தால், இரண்டு வழியிலும் தளர்வாகச் செருகிப் பார்த்து, பெடல் முழு வீச்சும் தடையில்லாமல் கீழிறங்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பொருத்துதல் என்பது இதற்குப் பிறகு சில நிமிட வேலை. முகங்கள் இரண்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். கிக்கரின் கண்ணுக்குள் துருப் பிடிக்காதிருக்க மிக மெல்லிய கிரீஸ் பூச்சு போதும், தட்டை முகத்தில் வேண்டாம். காட்டரைச் செருகி, கழற்றும்போது செய்தது போலவே எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்து, பித்தளைத் துண்டின் மேல் உறுதியாக இரண்டு மூன்று அடி அடித்து உட்கார வையுங்கள், அல்லது ஜி-கிளாம்ப்பால் அழுத்தி இறக்குங்கள். அதன் பிறகே வாஷரும் நட்டும். காட்டரை உள்ளே இழுத்து உட்கார வைப்பது நட்டின் வேலை இல்லை. உட்கார்ந்த காட்டர் பின்வாங்காமல் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. நட்டால் இழுக்க முயல்பவர்கள் மெல்லிய மரையை உருவிவிடுவார்கள், காட்டரும் பாதி வழியில் நின்றுவிடும்.

எஞ்சினைத் தொடங்கும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் பிடித்து மேலிருந்து கீழ் வரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். அசலைவிட நீளமானது என்பதால் உங்கள் விஷயத்தில் இது கட்டாயம். 1968ஆம் ஆண்டு போனவில்லில் கியர் லீவரும் வலப்பக்கம்தான். டிரையம்ப் அதை இடப்பக்கம் மாற்றியது 1970களின் நடுவில், அமெரிக்க விதிகளை ஒட்டி. ஆகவே கிக்கர், கியர் லீவர், கால்மிதி, புகைக்குழாய் நான்கும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன. விரித்த பெடல் வீச்சின் எந்தப் புள்ளியிலும் இவற்றில் எதையும் தொடக் கூடாது, மடக்கிய பெடல் ஓய்வில் உங்கள் காலைத் தொடக் கூடாது. கீழே வந்து கால்மிதியிலோ குழாயிலோ முட்டும் கிக்கர் ஒவ்வோர் உதையின் முடிவிலும் அந்த அடியைக் காட்டருக்கே திருப்பி அனுப்பும்.

ஓய்வு நிலையில் இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிக்காதது. டிரையம்ப்பில் குவாட்ரன்ட் ஓய்வில் இருக்கும்போது, ஒரு திசையில் மட்டும் பிடித்துச் சுழற்றும் ராட்செட் பல்சக்கரத்திலிருந்து விலகி நிற்கும். கிக்கரை அழுத்தத் தொடங்கும்போதுதான் அதன் முதல் பல் போய்ப் பொருந்தும். கனமான, நீளமான கிக்கரைத் தளர்ந்த திரும்பு ஸ்ப்ரிங்கால் முழுதாக மேலே பிடித்து வைக்க முடியாது. கிக்கர் கொஞ்சம் தொங்கும், குவாட்ரன்ட் சுழலும் பல்சக்கரத்தை உரசும். ஓடும்போது கியர்பாக்ஸின் மூடியிலிருந்து கிட்டிகிட்டி என்ற சத்தம் வந்தால் அதுதான் காரணம், உடனே நிறுத்திவிட வேண்டும். கிக்கரை அரை அங்குலம் கீழே அழுத்தி விட்டால் அது தயக்கமின்றி எழுந்து தடுப்பில் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஸ்ப்ரிங்கை மாற்றாமல் ஓட்டாதீர்கள். அதே முதல் பல்லின் காரணமாகச் சில சமயம் கிக்கர் தொடக்கத்திலேயே கல்லில் இடித்தது போல நின்றுவிடும். பல் நுனிகள் இரண்டும் நேருக்கு நேர் முட்டியிருக்கின்றன என்று பொருள். அப்போது மேலே ஏறி மிதிக்காமல், கிக்கரை மேலே வரவிட்டு, கிளட்சை ஒருமுறை பிடித்து விட்டு, மறுபடி மென்மையாக அழுத்துங்கள். அந்த இடத்தில் போடும் முழு எடை முதல் பல்லை உடைக்கும், நீங்கள் அராவி உட்கார வைத்த காட்டரையும் நசுக்கும்.

நீளம் கூடுவதால் நன்மை உண்டா என்பதற்கு நேரான பதில்: உண்டு, விலையும் உண்டு. உள்ளே குவாட்ரன்ட் சுழலும் கோணம் மாறுவதில்லை. கிக்கர் 200 மி.மீ.இலிருந்து 225 மி.மீ. ஆனால் எஞ்சினைச் சுழற்றத் தேவையான கால் விசை ஒன்பதில் ஒரு பங்கு குறையும். ஆனால் கால் அதே வேகத்தில் இறங்கினால் எஞ்சின் சுழலும் வேகமும் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். எடை குறைந்தவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், 9:1 அழுத்த விகிதத்துக்கு மேல் போன எஞ்சினுக்கும் நீளமான கிக்கர் உண்மையான உதவி. தீப்பொறிக்கான மின்சாரத்துக்கு எஞ்சின் சுழலும் வேகத்தை நம்பியிருக்கும் மேக்னட்டோ வண்டிகளுக்கு அந்த அளவு உதவாது. உங்களுடையது பேட்டரியும் காயிலும் உள்ள வண்டி என்பதால் அந்தக் கவலை குறைவு. முழு எடையையும் போட்டு நிற்கும்போது காட்டரில் விழும் விசை எட்டில் ஒரு பங்கு ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நீளமான கிக்கருக்கு இன்னும் நன்றாக ஒட்டிய காட்டர் வேண்டும்.

புதிய கிக்கரில் கால் வைக்கும் முன் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் தருணத்தை, பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு முழு அட்வான்ஸ் என்பது பிஸ்டன் மேல் முனையை அடைவதற்கு 38 டிகிரி முன்பு தீப்பொறி விழுவது; தொடங்கும்போது அட்வான்ஸ் அதைவிட மிகக் குறைவாக இருக்கும்படி தானியங்கி எடைகள் பார்த்துக்கொள்கின்றன. அந்த எடைகள் கிரீஸ் காய்ந்து திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால், மெதுவாகச் சுழலும் எஞ்சினில் 38 டிகிரியிலேயே தீ விழும், பிஸ்டன் எதிர்த்திசையில் தள்ளும், கிக்கர் காலை மேலே எறியும். அந்த எதிரடி, சாதாரண உதையின் விசைக்குப் பல மடங்கு. காட்டரில் திரும்பத் திரும்ப ஆட்டம் விழும் வண்டிகளில் இதையும் நான் எப்போதும் சந்தேகிப்பேன். எடைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு துளி எண்ணெய் விட்டு, ஸ்ட்ரோப் விளக்கால் சரிபார்ப்பது அரை நாள் வேலை, கணுக்காலையும் காக்கும்.

உங்கள் நண்பரின் நார்ட்டன் கமாண்டோவுக்கும் இதே முறை பொருந்துமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பொருந்தாது. அதில் காட்டர் இல்லை. ஷாஃப்டில் ஸ்ப்லைன் பற்கள் இருக்கின்றன, பிளந்த கண்ணை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போவதால், அதைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் உருவிய பிறகே கிக்கர் வெளியே வரும். புதிய கிக்கரில் பார்க்க வேண்டியது பிளவின் இடைவெளி: போல்ட்டை இறுக்கியதும் பிளவின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பற்களைப் பிடிக்க எந்த இறுக்கமும் மிஞ்சவில்லை என்று பொருள். கிக்கர் ஏற மறுத்தால் அடித்து ஏற்றவும் கூடாது. அந்தக் கியர்பாக்ஸில் துணை அச்சான லேஷாஃப்டின் வலமுனை கிக்கர் ஷாஃப்டின் உள்ளே இருக்கும் புஷ்ஷில்தான் சுழல்கிறது, வெளியிலிருந்து விழும் அடி நேராக அங்கே போகும்.

கடைசியாக, பொருத்திய பின் கவனிப்பு. முதல் சில தொடக்கங்களுக்குப் பிறகு காட்டர் இன்னும் ஓர் இழை உள்ளே போக இடமிருக்கும். முட்டுக் கொடுத்து மறுபடி ஒருமுறை தட்டிவிட்டு நட்டைப் பிடியுங்கள். முதல் நூறு மைலுக்குப் பிறகு இன்னொரு முறை. முகம் சரியாக ஒட்டியிருந்தால் இரண்டாம் முறை நட் அசையவே அசையாது. அப்போதும் கால் சுற்று திரும்பினால் கழற்றி, மறுபடி மை தடவிப் பார்க்க வேண்டும். காட்டர் வாங்கும்போது இரண்டாக வாங்கி, கை பழகியிருக்கும் அந்த வேளையிலேயே இரண்டாவதையும் அராவிச் சரிபார்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டியின் கருவிப் பையில் போட்டுவிடுங்கள்.